இலைக் கணக்கு சர்வரையும் அடிச்சாங்க, பொய் அறிவிப்பும் பரப்பினாங்க: தகவல் போர்ல இருந்து ஒரு சின்ன தொழிற்சாலை எப்படித் தப்பிக்கிறது?

இலைக்கணக்கு
12 ஆகஸ்ட், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில கம்ப்யூட்டர் பார்த்துக்கிறது என் வேலை. பேர் வேண்டாம். சுத்து வட்டார ஹட்டிகள்ல (மலைக் கிராமங்கள்ல) இருக்கிற சிறு விவசாயிங்க பறிக்கிற பச்சை இலையை வாங்கித் தூளாக்குற இடம்.

ஜூலையில ஒரு திங்கட்கிழமை. காலையில சர்வரைப் போட்டா இலைக் கணக்கு ஃபைல் ஒண்ணுகூடத் திறக்கலை. எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் புரியாத எழுத்து ஒட்டியிருக்கு. திரையில இங்கிலீஷ்ல ஒரு குறிப்பு: பணம் கட்டுங்க, சாவி தர்றோம். பேக்கப் எடுக்கிற ஹார்ட் டிஸ்க் சர்வர்லயே எப்பவும் சொருகிதான் இருக்கும். அதுவும் சேர்ந்து போச்சு.

இந்த அளவு நிறைய இடத்துல நடந்திருக்கு, படிச்சிருக்கேன். எங்களை ஆட்டி வச்சது அடுத்து வந்ததுதான். 11 மணி வாக்குல விவசாயிங்களோட வாட்ஸ்அப் குரூப்கள்ல எங்க லெட்டர்பேடுல ஒரு அறிவிப்பு சுத்த ஆரம்பிச்சது. மேனேஜர் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் அச்சு அசல். இந்த மாச இலைப் பணம் நிறுத்தி வைக்கப்படுது, ஏற்கெனவே போட்ட இலைக்குக் கிலோவுக்கு 4 ரூபாய் பிடித்தம்னு இருந்தது. மதியம் கேட் முன்னாடி 200 பேருக்கு மேல. மழை கொட்டுது, குடை பிடிச்சுக்கிட்டு வயசான அம்மாக்கள் எல்லாம் நிக்கிறாங்க. "எங்க கணக்கைக் காட்டுங்க"ன்னு கேட்கிறாங்க. அவங்களுக்குக் காட்ட எங்க கையில கணக்கே இல்லை.

அன்னைக்கு என் வயித்துல ஏறின பயம் இன்னும் இறங்கலை. மாசா மாசம் தேயிலை வாரியம் ஏல சராசரியை வச்சு இலைக்குக் குறைந்தபட்ச விலை சொல்லும். அதுக்கு மேல நாங்க என்ன குடுக்கிறோம்கிறதுல எங்களுக்கும் விவசாயிக்கும் நடுவுல இருக்கிறது வெறும் நம்பிக்கைதான். அதையே யாரோ உள்ளே கை விட்டுப் பிடிச்சு இழுத்த மாதிரி இருந்தது.

இப்ப கமிட்டி பணம் ஒதுக்கியிருக்கு. நல்ல ஆன்டிவைரஸும் ஃபயர்வாலும் வாங்குன்னு சொல்றாங்க. அது போதுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


மலைப்பாதை23
12 ஆகஸ்ட், இரவு 10.15

படிக்கவே கஷ்டமா இருக்குங்கண்ணா. ஆனா தகவல் போர்ங்கிறது பெரிய வார்த்தை இல்லீங்களா? அது நாட்டுக்கு நாடு பண்றது. இது காசுக்கு வந்த திருட்டுக் கூட்டம். நம்மள மாதிரி ஆளுங்களைக் குறி வச்சு யாருங்க போர் பண்ணப் போறாங்க? நல்ல ஆன்டிவைரஸ் போட்டா முடிஞ்சதுன்னுதான் எனக்குத் தோணுது.


வெலிங்டன்_சிக்னல்
13 ஆகஸ்ட், காலை 6.20

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. நான் ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகவல் போர் என்ற சொல் 1990களில் பரவியது. அப்போது அதில் மூன்று வேலைகளைச் சேர்த்துப் பேசினோம். எதிரியின் தகவலைத் திருடுவது ஒன்று. அதை அழிப்பது அல்லது முடக்குவது இரண்டாவது. மூன்றாவது, எதிரி தன் சொந்தத் தகவலையே நம்ப முடியாதபடி செய்வது. முதல் இரண்டுக்கும் கருவி உண்டு. மூன்றாவதற்குக் கடையில் விற்கிற மருந்து கிடையாது. இலைக்கணக்குத் தம்பிக்கு அந்தத் திங்கட்கிழமை நடந்ததில் மூன்றும் இருக்கிறது. லெட்டர்பேடும் கையெழுத்தும் திருட்டு, பூட்டிய ஃபைல்கள் முடக்கம், வாட்ஸ்அப் அறிவிப்பு மூன்றாவது.

இதை நாடுகள்தான் செய்யும் என்பதும் சரியில்லை. 1998-இல் பொக்ரான் சோதனை முடிந்த சில வாரங்களில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள் பதின்பருவப் பையன்கள். அன்றைக்கு அவர்களுக்கே கைகூடியது, இன்றைக்கு வாடகைக்குக் கிடைக்கிறது.

இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று நடந்தது. மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்து துணை மின் நிலையங்களை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். ஏறத்தாழ 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. அதே நேரத்தில் அவற்றில் ஒரு நிறுவனத்தின் புகார் எண்ணுக்கு ஆயிரக்கணக்கான பொய் அழைப்புகள் வந்து குவிந்தன. இருட்டில் இருக்கிற மனிதன் போன் போட்டால் லைன் கிடைக்காது. என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளில்லை. விளக்கை அணைத்தது பாதி, வாயை அடைத்தது மீதி. இலைக்கணக்குத் தம்பி, உங்கள் தொழிற்சாலையில் நடந்ததும் இதே வார்ப்பு.

அவர்கள் எப்படி மீண்டார்கள் என்பதையும் கவனியுங்கள். ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணை மின் நிலையங்களுக்கே போய், கையால் சுவிட்சைப் போட்டார்கள். சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. கையால் போடத் தெரிந்த ஆட்கள் அங்கே இன்னும் வேலையில் இருந்தார்கள். கணினி இல்லாமல் இலை எடை போட்டுக் கணக்கு எழுதத் தெரிந்தவர் உங்களிடம் எத்தனை பேர் தம்பி?


இலைக்கணக்கு
13 ஆகஸ்ட், காலை 8.05

ஐயா, உங்க கடைசிக் கேள்விக்குப் பதில்: 6 பேர். எல்லாரும் 50 வயசுக்கு மேல. அவங்கதான் எங்களைக் காப்பாத்தினாங்க.

இலை வாங்குற சென்டர்கள்ல எடை போட்டதும் கார்பன் வச்சு ரசீது எழுதுற பழக்கத்தை நாங்க நிறுத்தலை. போன்ல ஆப் வந்த பிறகும் பழைய கிளார்க் ஒருத்தர் பிடிவாதமா அதைத் தொடர்ந்தார். ஒரு தாள் விவசாயிகிட்ட, ஒரு தாள் புக்குல. அதை வச்சு 23 நாள் கணக்கை உட்கார்ந்து எழுதினோம். 9 நாள் ஆச்சு. அதுக்கு முந்தின மாசங்கள் ஆடிட்டுக்குக் குன்னூர் கொண்டுபோன ஒரு ஹார்ட் டிஸ்க்ல அப்படியே இருந்தது. திருப்பித் தர மறந்து அவங்க அலமாரியிலயே கிடந்திருக்கு.

எப்படி உள்ள வந்தாங்கன்னும் தெரிஞ்சிடுச்சு. கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்த கம்பெனி சர்வீஸ் பார்க்கிறதுக்காக ரிமோட் வழி ஒண்ணு திறந்து வச்சிருந்தாங்க. எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்ட். மூணு வருஷமா மாத்தலை. நானும் கேட்கலை. அது என் தப்பு.


ஃபைபர்_குன்னூர்
13 ஆகஸ்ட், மதியம் 1.30

லைன் போடுற வேலை பார்க்கிறேங்க. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி எல்லாம் சுத்தியிருக்கேன். தொழிற்சாலை ஆபீஸ்கள்ல நான் பார்க்கிறதைச் சொல்றேன்.

முதல்ல அந்த ரிமோட் வழி. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பை 3389 போர்ட்ல நேரா இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டா, உலகத்துல எங்கேயோ ஓடுற ஒரு ப்ரோக்ராம் சில மணி நேரத்துக்குள்ள வந்து கதவைத் தட்டும். நாள் முழுக்க பாஸ்வேர்ட் போட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கும். உங்க ஊர் எங்க இருக்குன்னுகூட அதுக்குத் தெரியாது. "நம்மள யாரு தேடி வருவாங்க"ன்னு கேட்ட தம்பிக்குப் பதில் இதுதாங்க. யாரும் தேடி வர்றதில்லை, திறந்திருக்கிற கதவு எதுவா இருந்தாலும் அது உள்ள வரும். சர்வீஸ்காரர் வரணும்னா விபிஎன்ங்கிற பூட்டின தனி வழியா, அவர் பேருக்குத் தனி லாகின்ல, வேலை இருக்கிற அன்னைக்கு மட்டும் திறங்க. முடிஞ்சதும் மூடிடுங்க.

ரெண்டாவது, சிசிடிவி பெட்டி, விருந்தினர் வைஃபை, ஆபீஸ் சர்வர், எடை மெஷின் எல்லாமே ஒரே ரவுட்டர்ல தொங்குது. ரவுட்டர் பாஸ்வேர்ட் பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கிற அதே பாஸ்வேர்ட். கேமரா பெட்டி வழியா வந்தவன் கணக்கு சர்வர் வரைக்கும் நடந்தே போயிடுவான். ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் போக முடியாம நெட்வொர்க்கைப் பிரிக்கிற விலான் போட ரவுட்டர்லயே வசதி இருக்கும், அரை நாள் வேலை.

மூணாவது பழைய விண்டோஸ். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னுபோச்சு. இன்னும் எடை மேடைப் பக்கத்துல அதைத்தான் பார்க்கிறேன். ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற வான்னாக்ரை 2017 மே 12-ல உலகத்தையே ஆட்டினப்போ, அந்த ஓட்டையை அடைக்கிற பேட்ச் மார்ச்லயே வந்திருந்தது. ரெண்டு மாசம் போடாம விட்டவங்கதான் மாட்டினாங்க. மாத்தவே முடியாத மெஷின்னா இன்டர்நெட் இல்லாம தனியா வைங்க.

கடைசியா ஒண்ணு. "எல்லாத்தையும் கிளவுடுக்கு ஏத்திடு"ன்னு யாராவது சொல்வாங்க. நல்லதுதான். ஆனா நம்ம மலையில லைன் எப்படி வருதுன்னு நினைச்சுப் பாருங்க. 2009 நவம்பர்ல மண் சரிஞ்சப்போ மேட்டுப்பாளையத்துல இருந்து மேல வர்ற ரோடே துண்டாப் போச்சு. ரெண்டு கம்பெனி லைன் வாங்கினா போதும்னு நினைக்கிறாங்க. ரெண்டும் குன்னூர் ரோட்டுல பர்லியார் வழியா ஒரே குழியில வருதான்னு கேளுங்க. ஒண்ணு கோத்தகிரி ரோட்டுல குஞ்சப்பனை பக்கம் வந்தாத்தான் ரெண்டு லைன்னு அர்த்தம்.


குன்னூர்_ஏலம்
13 ஆகஸ்ட், மாலை 7.10

தேயிலை ஏல வியாபாரத்துல இருக்கேன். எனக்குப் பட்டது இது.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்ககிட்ட சரக்கு வாங்குற ஒருத்தருக்கு எங்க பேர்ல ஒரு மெயில் போயிருக்கு. "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, இனிமே இதுல போடுங்க." இன்வாய்ஸ் நம்பர் சரி, தொகை சரி, நான் எப்பவும் கடைசியில எழுதுற வரிகூட சரி. மெயில் முகவரியில மட்டும் "எம்" இருக்க வேண்டிய இடத்துல "ஆர்", "என்" ரெண்டையும் ஒட்டிப் போட்டிருந்தாங்க. கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது. அவர் பணத்தைப் போட்டுட்டார். சாயங்காலம் தற்செயலா போன் பேசும்போது தெரிய வந்தது. உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிச்சோம். ஒரு பகுதியை நிறுத்தி வச்சுக் குடுத்தாங்க. மறுநாள் அடிச்சிருந்தா அதுவும் கிடைச்சிருக்காது.

இப்ப எங்க ஆபீஸ்ல ஒரே விதி. பேங்க் விவரம் மாறுதுன்னா, பழைய டைரியில இருக்கிற நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேட்கணும். மெயில்ல குடுத்திருக்கிற நம்பருக்கு இல்லை. எவ்வளவு அவசரம்னு சொன்னாலும், முதலாளியே சொன்னாலும் இதுதான். முதலாளி குரலையும் நம்புறதுக்கில்லை. 2024-ல ஹாங்காங்ல ஒரு ஊழியர் வீடியோ மீட்டிங்ல தன் மேலதிகாரிங்களைப் பார்த்துப் பேசிட்டுத்தான் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். திரையில இருந்த அத்தனை பேரும் செயற்கை முகங்கள்.

மெயில் டொமைனுக்கு, மெயில் நிஜமாவே எங்ககிட்ட இருந்து வந்ததான்னு சரிபார்க்கிற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணையும் போட்டு வச்சிருக்கோம். எங்க முகவரியையே வச்சு யாரும் பொய் மெயில் அனுப்பாம அது தடுக்கும். ஆனா நான் சொன்ன மாதிரி ஒரு எழுத்து மாத்தின முகவரியை அது தடுக்காது. டிமார்க் போட்டாச்சுன்னு யாரும் நிம்மதியா தூங்கிடாதீங்க.


பூண்டுக்காடு
14 ஆகஸ்ட், காலை 7.45

பூம்பாறையில இருந்து எழுதுறேன். கொடைக்கானல் பக்கம் பூண்டு, காய்கறி போடுற விவசாயிக சேர்ந்து ஒரு குழு வச்சிருக்கோம். நான் அதோட கணக்குப் பிள்ளை, கூடவே ரெண்டு ரூம் தங்குற வீடும் நடத்துறேன்.

சர்வர்னு எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. எங்க சர்வர் எல்லாம் ஆளுக கையில இருக்கிற போன்தான். அங்கதான் அடி விழுந்துச்சு. பிஎம் கிசான் பேரைப் போட்டு ஒரு ஏபிகே ஃபைல் (போன்ல ஆப் ஏத்துற ஃபைல்) குரூப்புல வந்துச்சு. எங்க குழுவுல ஒரு பெரியவரு அதை அமுக்கி இன்ஸ்டால் பண்ணிட்டாரு. அது எஸ்எம்எஸ் எல்லாத்தையும் எடுத்துக்கிருச்சு, ஓடிபி உட்பட. பணம் போனது தனிக் கதை. அவரோட வாட்ஸ்அப்பையே பிடிச்சுக்கிட்டு அவரு பேருல அதே ஃபைலை 140 பேருக்கு அனுப்பிருச்சு. பெரியவரு சொன்னா ஊரே கேக்கும், அதனால இன்னும் 11 பேரு அமுக்கிட்டாங்க. ஊருல யாரு பேச்சு எடுபடுமோ அந்த ஆளு போனைத்தான் முதல்ல காக்கணும்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு.

இரட்டைச் சரிபார்ப்பு போடுன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க ஊரு பள்ளத்துல இருக்கு, ஓடிபி மெசேஜ் வரணும்னா மாடிக்கு ஏறி நிக்கணும். அதனால ஆளுக அதையே அணைச்சு வச்சிருவாங்க. மதுரையில படிக்கிற ஒரு பையன் சொல்லித்தான் தெரிஞ்சுச்சு: ஆத்தென்டிகேட்டர் ஆப்புல வர்ற 6 இலக்க எண்ணுக்கு சிக்னலே வேண்டாம். போன்ல மணி சரியா இருந்தா போதும், அதுவே கணக்குப் போட்டு எண்ணைக் காட்டும். மலையில இருக்கிறவுகளுக்கு இதுதான் சரி. இப்ப கணக்கு பாக்குற நாலு பேரும் அதுக்கு மாறிட்டோம். அவசரத்துக்குக் குடுக்கிற ரெக்கவரி எண்களைத் தாள்ல எழுதி பீரோவுல வச்சிருக்கோம்.

2024 மே 7-ல கொடைக்கானல் வர்றதுக்கு இ-பாஸ் கொண்டாந்தப்ப வர்ற விருந்தாளிக எங்கிட்டக் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "எது உண்மையான லிங்க்?" உங்க விவசாயிகளும் அதைத்தான் கேக்கிறாங்கண்ணே. எது உங்க உண்மையான அறிவிப்புன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?


இலைக்கணக்கு
14 ஆகஸ்ட், இரவு 8.50

பூண்டுக்காடு அண்ணா, அந்தக் கடைசி வரி காலையில இருந்து மண்டையில ஓடிக்கிட்டிருக்கு. எங்க அறிவிப்பு எதுன்னு கண்டுபிடிக்க அவங்களுக்கு ஒரு வழியும் இல்லை. நாங்களே லெட்டர்பேடை ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்லதான் போட்டுக்கிட்டிருந்தோம். அவனும் அதையேதான் செஞ்சான்.


கூடலூர்_லேப்
15 ஆகஸ்ட், மாலை 4.25

இன்னைக்கு லீவுங்கிறதால முழுசா படிச்சேன். கூடலூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல 14 வருஷமா இருக்கேன். இதுல நான் ரொம்பப் பயப்படுற ஒண்ணை இன்னும் யாரும் சொல்லலை.

கணக்கு காணாமப் போனா எல்லாருக்கும் தெரியும், தேட ஆரம்பிச்சிடுவோம். கணக்கு அங்கயே இருந்து, அதுல நாலு எண் மட்டும் மாறியிருந்தா? லேப்ல ஒரு ரத்த குரூப் மாறினா என்ன ஆகும்னு நான் விளக்க வேண்டாம். உங்க இலைக் கணக்குல ஒவ்வொரு விவசாயிக்கும் 3 கிலோ குறைஞ்சிருந்தா யாரும் சர்வரைச் சந்தேகப்பட மாட்டாங்க. எடை போட்ட கிளார்க்கைத்தான் சந்தேகப்படுவாங்க. பூட்டிட்டுப் போனவன் ஒரு விதத்துல சத்தம் போட்டுட்டுப் போனவன். சத்தமில்லாம மாத்துறவன்தான் ஆபத்து.

எங்க லேப்ல வெள்ளிக்கிழமை தோறும் ரிஜிஸ்டர்ல இருந்து கண்ணை மூடிக்கிட்டு 20 என்ட்ரி எடுத்து, கம்ப்யூட்டர்ல இருக்கிறதோட ஒப்பிடுவோம். ஒண்ணு ஒத்துப்போகலைன்னாலும் அந்த வாரம் முழுசையும் பார்ப்போம். முக்கால் மணி நேரம் ஆகும். உங்ககிட்ட கார்பன் ரசீது இருக்கே, அதே மாதிரி வாரத்துக்கு 20 ரசீது எடுத்துப் பாருங்க. இதுவரைக்கும் எங்களுக்குக் கிடைச்சது எல்லாம் டைப்பிங் தப்புதான். ஆனா தப்பைப் பிடிக்கிற கண் பழகியிருக்கு.

தில்லி எய்ம்ஸ்ல 2022 நவம்பர் 23-ல சர்வர் போச்சு. ஓபி, லேப், அட்மிஷன் எல்லாத்தையும் கிட்டத்தட்ட 2 வாரம் கையாலதான் எழுதினாங்க. அந்தச் செய்தியைப் படிச்சதும் எங்க டாக்டரம்மா ஒரு வேலை பண்ணினாங்க. பழைய காகித ஃபாரம் எல்லாம் அச்சடிச்சு ஒரு டிரங்குப் பெட்டியில வச்சாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அரை நாள் கம்ப்யூட்டரை நிறுத்திட்டு அதுல வேலை பார்க்கச் சொன்னாங்க. முதல் தடவை ஒரே குழப்பம். சின்னப் பிள்ளைங்களுக்கு சாம்பிள் நம்பர் கையால போடவே தெரியலை. ரெண்டாவது தடவை எல்லாரும் செஞ்சிட்டாங்க. அவசரம் வந்த பிறகு அதைச் சொல்லிக்குடுக்க முடியாதுங்க.


மலைப்பாதை23
16 ஆகஸ்ட், காலை 9.30

நான் முதல்ல கேட்டது தப்புதான், ஒத்துக்கிறேன். இன்னொண்ணு கேட்கிறேன். பேசாம அவன் கேட்ட பணத்தைக் கட்டியிருந்தா 9 நாள் கஷ்டம் மிச்சமில்லையா? தொகை பெருசு இல்லைன்னா?


ஃபைபர்_குன்னூர்
16 ஆகஸ்ட், காலை 10.50

தம்பி, கட்டினா சாவி வரும்னு எழுதிக் குடுக்க யாரும் இல்லீங்க. சாவி வந்தாலும் உள்ள இருக்கிற ஆள் வெளிய போயிட்டான்னு எப்படித் தெரியும்? லெட்டர்பேடையும் கையெழுத்தையும் எடுத்துக்கிட்டுப் போனவன்கிட்ட காசும் குடுத்தா, கட்டுற இடம்னு பேர் எழுதி வச்சுக்குவான்.

அன்னைக்குச் செய்ய வேண்டியதை வரிசையா சொல்றேன், எல்லாரும் தாள்ல எழுதி சுவத்துல ஒட்டிக்குங்க. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்க, வைஃபையை அணைங்க. மெஷினை மட்டும் அணைக்காதீங்க, மெமரியில தடயம் இருக்கும். ஃபார்மேட் பண்ணவே கூடாது. ஆர்வக் கோளாறுல பக்கத்துக் கடைப் பையன் வந்து விண்டோஸ் போட்டுட்டுப் போயிடுவான், அத்தோட எல்லா ஆதாரமும் போச்சு. அந்தக் குறிப்பை போன்ல படம் எடுங்க. பூட்டின ஃபைல் ரெண்டைத் தனியா காப்பி எடுத்து வச்சு நோ மோர் ரான்சம் தளத்துல போட்டுப் பாருங்க. நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் பாதுகாப்புக் கம்பெனிங்களோட சேர்ந்து 2016-ல ஆரம்பிச்சது. சில வகைகளுக்கு இலவசமாவே சாவி இருக்கும். மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல போட்ட உத்தரவுப்படி கம்பெனிங்க, அரசு அமைப்புங்க எல்லாம் தாக்குதல் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குத் தெரிவிக்கணும். லாக் (எப்ப, யார் உள்ள வந்தாங்கங்கிற பதிவு) எல்லாம் 180 நாள் வச்சிருக்கணும். லாக் இருந்ததாலதானே அந்த ரிமோட் வழியைக் கண்டுபிடிக்க முடிஞ்சது?


இலைக்கணக்கு
16 ஆகஸ்ட், மதியம் 12.15

லாக் இருந்தது ரவுட்டர்ல, அதுவும் கடைசி சில நாளுக்கு மட்டும். சர்வர்ல இருந்ததை அவனே அழிச்சிட்டான். லாக்கை வேற மெஷினுக்கு அனுப்பி வைக்கணும்னு இப்பத்தான் தெரியுது.

ஒரு விஷயத்தை நான் முதல்ல எழுதலை. எழுதலாமான்னு யோசிச்சேன். அன்னைக்குக் காலை 8 மணிக்கே தெரிஞ்சிடுச்சு. கமிட்டியில "யார்கிட்டயும் மூச்சு விடாதே, சர்வர் ரிப்பேர்னு சொல்லு"ன்னாங்க. சென்டர்ல கேட்டவங்களுக்கு ரிப்பேர்னே சொன்னோம். 11 மணிக்கு அந்தப் பொய் வந்தப்போ, எங்க பக்கத்துல இருந்து வந்திருந்த ஒரே பேச்சும் பொய்தான். அதுக்கப்புறம் "அந்த அறிவிப்பு எங்களோடது இல்லை"ன்னு மேனேஜர் கேட்ல நின்னு கத்தினார். ஒரு அம்மா கேட்டாங்க: "காலையில ரிப்பேர்னு சொன்னதும் நீங்கதானே சாமி?" அவருக்குப் பதில் வரலை.

அந்த 3 மணி நேரத்தைத்தான் நான் தொலைச்சேன்னு நினைக்கிறேன். ஃபைல் எல்லாம் திரும்பி வந்துடுச்சு.


வெலிங்டன்_சிக்னல்
16 ஆகஸ்ட், இரவு 9.05

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. இந்த இழையில் இதுதான் முக்கியமான பதிவு.

பெரிய நிறுவனங்களும் இதில் வழுக்கியிருக்கின்றன. 2019-இல் கூடங்குளம் பற்றிச் செய்தி பரவியபோது முதல் நாள் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, நிர்வாகப் பிரிவின் ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை என்று அணுமின் கழகமே அறிவித்தது. அந்தக் கணினிக்கும் உலையை இயக்கும் வலைப்பின்னலுக்கும் தொடர்பில்லை என்றும் அதே அறிக்கையில் சொன்னார்கள். முதல் நாளே இப்படிச் சொல்லியிருந்தால் மக்கள் மனதில் நின்றிருக்கும். மறுப்புக்குப் பின்னால் வந்ததால் அந்த நல்ல செய்தியையும் பலர் நம்பவில்லை.

உங்கள் ஆடிட் ஹார்ட் டிஸ்க் கதையைப் படித்ததும் எனக்கு மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் நினைவுக்கு வந்தது. 2017 ஜூன் 27, நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கிய நாள். உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகவே அது பரவியது. உங்களுக்கும் கணக்கு மென்பொருள்காரர் வழியாகத்தான் வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நம்பிக் கதவைத் திறந்துவிட்ட இடம் அது. மேர்ஸ்க்கின் பயனர் பட்டியல்களை வைத்திருந்த சர்வர்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் அழிந்தன. ஒன்றுக்கொன்று நகல் என்று நினைத்து வைத்திருந்தவை, ஒன்றோடொன்று இணைந்திருந்ததாலேயே சேர்ந்து போயின. கானாவில் ஒன்று மட்டும் பிழைத்தது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. அந்த சர்வரின் ஹார்ட் டிஸ்க்கை ஆள் மாற்றி ஆள் விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்து 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் 10 நாளில் மறுபடி எழுப்பினார்கள்.

எஸ்டோனியா 2007-இல் மூன்று வாரம் அடி வாங்கிய நாடு. வங்கி, பத்திரிகை, அரசு இணையதளம் எல்லாம் முடங்கின. இன்று அந்த நாடு தன் முக்கியப் பதிவேடுகளின் நகலை லக்ஸம்பர்க்கில் வைத்திருக்கிறது. நாடே போனாலும் பதிவேடு நிற்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். உங்களுக்கு லக்ஸம்பர்க் வேண்டாம், மேட்டுப்பாளையம் போதும். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். அதில் ஒன்று எந்தக் கம்பியிலும் சொருகாமல் கிடக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து திரும்ப எடுத்துப் பாருங்கள். திறந்து பார்க்காத நகல் நகலே அல்ல.


குன்னூர்_ஏலம்
17 ஆகஸ்ட், காலை 8.40

ஐயா சொல்றதோட முழுசா ஒத்துப்போறேன், ஒரு விஷயத்தைத் தவிர. உடனே உண்மையைச் சொல்லணும், சரி. ஆனா எந்த வழியா வந்தான், எந்த சாஃப்ட்வேர், எது இன்னும் சரியாகலைங்கிறதை எல்லாம் கேட்ல நின்னு சொல்லக் கூடாது. அடுத்தவனுக்கு வழி காட்டுற மாதிரி ஆயிடும். எங்க வியாபாரத்துல ஒரு தொழிற்சாலை ஆட்டம் காணுதுன்னு பேச்சு கிளம்பினாலே அந்த வாரம் அவங்க சரக்குக்கு விலை இறங்கும். கமிட்டிக்காரங்க பயந்ததுல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன்.


கூடலூர்_லேப்
17 ஆகஸ்ட், காலை 11.20

அண்ணா, விவசாயி கேட்கிறது அதெல்லாம் இல்லையே. "என் இலைக் கணக்கு பத்திரமா இருக்கா, என் பணம் வருமா, எப்ப வரும்?" மூணே கேள்வி. "கம்ப்யூட்டரை யாரோ பூட்டிட்டாங்க, உங்க ரசீதைப் பத்திரமா வைங்க, அதை வச்சுக் கணக்கு எழுதுறோம், இந்தத் தேதிக்குள்ள பணம் வரும்." இதைச் சொல்றதால எந்தத் திருடனுக்கும் வழி தெரியாது.


பூண்டுக்காடு
17 ஆகஸ்ட், மதியம் 2.00

அக்கா சொன்னதுதான் சரி. அதை முன்கூட்டியே எழுதி வச்சிருங்க. தேதி மட்டும் நிரப்புற மாதிரி. அன்னைக்கு உட்கார்ந்து எழுத கை ஓடாது.


இலைக்கணக்கு
6 செப்டம்பர், இரவு 10.10

மூணு வாரம் கழிச்சு வர்றேன். என்ன செஞ்சோம்னு எழுதினா இன்னொருத்தருக்கு உதவும்.

கமிட்டி ஒதுக்கின பணத்துல பாதிகூடச் செலவாகலை. பெரிய ஃபயர்வால் வாங்கலை. ஃபைபர் அண்ணா வந்து நெட்வொர்க்கை நாலாப் பிரிச்சுக் குடுத்தார். ரிமோட் வழியை மூடியாச்சு. எடை மேடைப் பக்கத்து விண்டோஸ் 7 மெஷினுக்கு இன்டர்நெட் கிடையாது. ஹார்ட் டிஸ்க் மூணு வாங்கினோம். ஒண்ணு எப்பவும் மேட்டுப்பாளையத்துல, சனிக்கிழமை தூள் வண்டி இறங்கும்போது மாத்திக்கிறோம். லாக் தனி மெஷினுக்குப் போகுது.

அறிவிப்பு விஷயத்துல பொதுக்குழு கூட்டி முடிவு பண்ணினோம். நடந்ததை மேனேஜரே எழுந்து சொன்னார், ரிப்பேர்னு சொன்னது தப்புன்னும் சொன்னார். இனிமே ஒவ்வொரு அறிவிப்புக்கும் வரிசை எண் உண்டு. முதல்ல இலை சென்டர் கரும்பலகையில எழுதி, எடை போடும்போது கிளார்க் வாய்விட்டுப் படிப்பார். அதுக்கப்புறம்தான் வாட்ஸ்அப். பலகையில இல்லாதது எங்களோடது இல்லை. சந்தேகம்னா கூப்பிட ஆபீஸ் லேண்ட்லைன் நம்பரை பாஸ்புக் அட்டையில அச்சடிச்சாச்சு. அந்த லைன் நிரம்பினா கூப்பிட சென்டர் கிளார்க்குகளோட நம்பரும் இருக்கு. உக்ரைன்ல போனை அடைச்சதை ஐயா சொன்னதாலதான் இது தோணுச்சு.

வாரத்துக்கு 20 ரசீது ஒப்பிடுறோம். ரெண்டாவது வாரமே ஒண்ணு ஒத்துப்போகலை. பதறிப்போய் அந்த வாரம் முழுசையும் பார்த்தோம். 17-ஐ 71-னு அடிச்சிருக்காங்க, அவ்வளவுதான். அந்த விவசாயி வீட்டுக்கு நானே போய்ச் சொல்லித் திருத்திட்டு வந்தேன்.

போன வியாழக்கிழமை சொல்லாம கொள்ளாம சர்வரை அணைச்சோம். 4 சென்டர்லயும் கையால எடை எழுதினாங்க. மூணுல சிக்கல் இல்லை. நாலாவதுல இருக்கிற பையன் வேலைக்குச் சேர்ந்து 8 மாசம், கார்பன் தாளை எந்தப் பக்கம் வைக்கணும்னு தெரியாம தலைகீழா வச்சு 31 ரசீது எழுதியிருக்கான். நகல் ஒண்ணுலயும் விழலை. பழைய கிளார்க் அவனைத் தன்கிட்ட ஒரு வாரம் அனுப்பச் சொல்லியிருக்கார். திங்கட்கிழமையில இருந்து போறான்.

ஒண்ணு மட்டும் பாக்கி. ரெண்டாவது லைன் வாங்கிட்டோம், அது குஞ்சப்பனை வழியாத்தான் வருதுன்னு கம்பெனியில சொல்றாங்க. அதை எப்படிச் சரிபார்க்கிறது?


ஃபைபர்_குன்னூர்
6 செப்டம்பர், இரவு 10.35

சொன்னா நம்பாதீங்க, ரூட் மேப் கேளுங்க. புதன்கிழமை நான் அரவேணு பக்கம் வர்றேன். மேப்பை எடுத்துட்டு வாங்க, ரோட்டோரமா ஜாயின்ட் பெட்டி ஒவ்வொண்ணா பார்த்துக்கிட்டே கீழ இறங்கிடலாம்.